ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு நடுவே உடற்பயிற்சி

“வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே, தனியா வேற எதுக்கு?” என்று கேட்காத வீடு இல்லை. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும், வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். ஐந்து மணி நேரம் நின்று கால் வலிப்பது வேறு, கால் வலுப்பெறுவது வேறு. ஜிம்முக்குப் போக நேரமில்லாதவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. கடிகாரத்தை நம்பாதீர்கள். ‘காலை 6 மணிக்கு’ என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் மோட்டார் மக்கர் செய்த அன்றே திட்டம் போச்சு. அன்றாடம் எப்படியும் நடக்கிற வேலை ஒன்றோடு பயிற்சியை முடிச்சுப் போடுங்கள். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடப் போகும்போதே ஷூ மாட்டிக்கொண்டு போய், வேன் கிளம்பியதும் அப்படியே நடையைத் தொடங்கிவிடலாம். திரும்பி வீட்டுக்குள் காலை வைத்தால், சிங்க்கில் கிடக்கும் பாத்திரம் உங்களை விடாது.

2. முதல் வாரம் ஐந்தே ஐந்து தோப்புக்கரணம் போதும். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்ற வேண்டும், அப்போதுதான் மறுநாளும் செய்வீர்கள். முட்டி வலி இருந்தால் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, அதில் உட்காரப் போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மெல்ல இறங்கி, நாற்காலி பட்டதும் எழுந்துவிடுங்கள். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

3. ‘21 நாள் செய்தால் பழகிவிடும்’ என்பதை மறந்துவிடுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் அச்சானது. ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று அதில் கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட. நமக்கு ஆறுதலான சேதி இன்னொன்றும் அதில் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஆகவே கல்யாணம், காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி என்று இடைவெளி விழுந்தால், ‘அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலிருந்து’ என்று தள்ளாமல், வழக்கத்தில் பாதியளவோடு மறுநாளே தொடங்குங்கள்.

4. அடுப்படியில் காத்திருக்கும் நேரம் நிறைய. பால் பொங்கும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, அடுப்புக்கு எட்டாத பக்கமாக, மேடை விளிம்பில் இரு கையையும் ஊன்றி, இரண்டடி பின்னால் நின்று, மார்பு விளிம்பை நெருங்கும்வரை சாய்ந்து நிமிருங்கள். தரையில் தண்டால் எடுக்க வராதவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம். கிரானைட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கை வழுக்கும், முதலில் துடைத்துவிடுங்கள். அடுப்புப் பக்கத்தில் குதிக்கும் பயிற்சி மட்டும் வேண்டவே வேண்டாம்.

5. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, மிதமான பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-ல் எடுத்துவிட்டார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் நடந்தால் மிதமான பயிற்சி.

6. நடை மட்டும் போதாது. தசைக்கு வலு தரும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது தேவை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகத் தேயத் தொடங்குவதால், நாற்பதைத் தொட்டவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ டம்பெல் தயார். பழகியபின் ஐந்து கிலோ கோதுமை மாவுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள்.

7. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? சோம்பேறி என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

8. தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே சத்தமில்லாமல் பயிற்சியை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. வெளியே சொல்வதில்லை. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளுக்கு, அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே பயிற்சி எழுதிவைத்திருக்கிறார். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து வீதம் மூன்று வேளை செய்யலாம். பஸ்ஸில் உட்கார்ந்தபடி செய்தாலும் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. சில மாதம் செய்தும் குறையாவிட்டால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

9. மொட்டை மாடியில் நடப்பவர்கள் நைட்டியோடு போகாதீர்கள், படியில் தடுக்கும். பழைய சுடிதார் ஒன்றை இரவே கட்டில் பக்கம் எடுத்து வையுங்கள். ரப்பர் செருப்பும் வேண்டாம். விடியற்காலைத் தெருவில் நடந்தால் கழுத்துச் சங்கிலியைத் துப்பட்டாவுக்குள் மறையுங்கள், காதில் பாட்டு வேண்டாம்.

10. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் கஷ்டம். “இந்த இருபது நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க” என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். “அம்மா, சாக்ஸ் எங்கே?” என்ற குரல் முதல் பத்து நாள் வரத்தான் செய்யும், பதில் சொல்லாதீர்கள். பசிக்குது என்றால், மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கக் கணவருக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டால், முதல் தோசை ஒட்டினாலும் மூன்றாவது வந்துவிடும்.