மஞ்சள் தண்ணீரும் எக்ஸ்ரே ஃபிலிமும்

“கிரகணத்தன்று சூரியனிலிருந்து விஷக்கதிர் வரும்” என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அன்று வருவதும் தினமும் காயும் அதே வெயில்தான். நிலா மறைப்பதால் சற்றுக் குறைவாகவே வருகிறது. மற்ற நாளில் உச்சிச் சூரியனை நிமிர்ந்து பார்த்தால் கண் கூசித் தானே மூடிக்கொள்ளும். கிரகணத்தன்று கூச்சம் குறைகிறது, கண்மணி விரிகிறது, வேடிக்கை பார்க்கும் ஆசையோ கூடுகிறது. மிச்சமிருப்பது மெல்லிய கீற்றே ஆனாலும், அதன் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனின் பிரகாசத்தோடுதான் விழித்திரையில் விழுகிறது.

“பார்த்தேன், கண் வலிக்கவே இல்லையே” என்பார்கள். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. பூதக்கண்ணாடியில் காகிதம் பொசுங்குவதுபோல் கண் பொசுங்கும் என்று நினைப்பதும் அவ்வளவு சரியில்லை. வெறுங்கண்ணால் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் சூட்டைவிட ஒளிதான், குறிப்பாக நீல ஒளி, பார்வைச் செல்களுக்குள் வேதிமாற்றம் உண்டாக்கி அவற்றைச் சிதைக்கிறது. சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்தான் விஷயம் தெரியும்: படிக்கும் வரியின் நடுவில் கரும்பொட்டு, நேர்கோட்டில் வளைவு, நிறங்களில் மங்கல். 2017 ஆகஸ்ட் 21 அன்று நியூயார்க்கில் கிரகணம் பார்த்த ஓர் இளம்பெண்ணுக்குப் பார்வையின் நடுவே பிறை வடிவில் கருமை தோன்றியது. ஸ்கேன் எடுத்தால், விழித்திரைக் காயமும் பிறை வடிவிலேயே இருந்தது. அந்த ஊரில் அன்று மறைந்தது சுமார் 70 சதவீதச் சூரியன்தான்.

தாம்பாளத்தில் மஞ்சளோ சாணமோ கரைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பது நம் வீடுகளில் வெகுகாலப் பழக்கம். நேராக விழும் ஒளியில் தண்ணீர் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதாவது 50இல் ஒரு பங்கு. பாதுகாப்பாகப் பார்க்க வேண்டுமானால் ஒளி சுமார் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்! சூரியன் சாயச் சாயத் தண்ணீர் திருப்பும் ஒளி இன்னும் கூடும். என்ன கரைத்தாலும் மேற்பரப்புப் பிம்பம் மங்காது. பாட்டியைக் கேலி செய்துவிட்டு எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் பிடிக்கும் பேரன் ஒன்றும் பெரிய விஞ்ஞானி இல்லை. அந்த ஃபிலிமும் கூலிங் கிளாஸும் கண்ணுக்குக் கூச்சத்தைக் குறைக்குமே தவிர, காப்பாகாது. ஐஎஸ்ஓ 12312-2 தரத்தில் செய்த கிரகணக் கண்ணாடி, 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி இவை போதும். அவற்றை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் மட்டும் பார்த்துவிடாதீர்கள். குவிந்து வரும் ஒளி நொடியில் கண்ணைச் சுட்டுவிடும்.

“முழுதாக மறைந்ததும் வெறுங்கண்ணால் பார்க்கலாம்” என்பது முழுக் கிரகணத்தின் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் உண்மை. 2010 ஜனவரி 15இல் கன்னியாகுமரியும் ராமேஸ்வரமும், 2019 டிசம்பர் 26இல் கோவையும் திண்டுக்கல்லும் கண்டது வளையக் கிரகணம். 2031 மே 21இல் மதுரை, தேனிப் பக்கம் வரப்போவதும் அதுவே. இதில் சூரியனின் ஓரம் வளையமாக மிஞ்சியே இருப்பதால், எந்த நொடியிலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

கர்ப்பிணி பார்த்தால் பிள்ளைக்கு ஊனம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கண்ணாடி அவருக்கும் வேண்டும், அவ்வளவே.

பார்த்த பிறகு மங்கலாகத் தெரிந்தால் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விடுவது வீண். அவை கண்ணின் முன்பக்கத்தோடு நின்றுவிடும், காயமோ பின்சுவரில் இருக்கிறது. கண் மருத்துவரிடம் போய், விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். நிரூபணமான மருந்து இதற்கு இன்னும் இல்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் பார்வை தேறிவிடும். சிலருக்கு அந்தப் பொட்டு நிலைத்துவிடுகிறது.