குட்டியும் குஞ்சுமாய் இருக்கிற மலைக்கு

மயிலாப்பூர்,
பங்குனி மாதம்.

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

சித்திரை பிறந்ததும் தோழிகளோடு வால்பாறை போகப்போவதாக உன் அப்பா சொன்னான். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். புலி, சிறுத்தை, யானை, வரையாடு, இருவாட்சி, சிங்கவால் குரங்கு என்று மூன்று நாளில் ஆறு. முதல் இரண்டையும் இப்போதே அடித்துவிடு. ஆனைமலையில் இரண்டும் உண்டு. கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம், திட்டம் போட்டுப் பார்க்கிற சமாசாரம் இல்லை. மற்ற நான்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ போகிற பருவத்தை முதலில் புரிந்துகொள். தை தொடங்கிச் சித்திரை வரை அந்த மலையில் பல உயிர்களுக்குப் பிள்ளை வளர்க்கும் காலம். தாய் தூரம் போகாது. தகப்பன் இரையோடு அதே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் இப்போது சுலபமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. அதே காரணத்தால்தான் நம்மால் அவற்றுக்குச் சுலபமாகக் கெடுதலும் வருகிறது. பயந்தாலும் விட்டுவிட்டு ஓட முடியாத நேரம். நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைச் சரிவில் வரையாடுகள் நிற்கும்; சில நாள் ரோட்டோரத் தடுப்புச் சுவரிலேயே ஏறி நிற்கும். காட்சிமுனையில் வண்டியை நிறுத்தச் சொல். எல்லாரும் தடதடவென்று இறங்காமல், யார் யார் நிற்கிறார்கள் என்று உள்ளிருந்தே பார். கரும்பழுப்பு உடம்பும் முதுகில் வெள்ளித் திட்டும் இருந்தால் வளர்ந்த கிடா. சாம்பல் கலந்த பழுப்பில், கொம்பு சற்றுச் சிறுத்து இருப்பவை பெட்டைகள். அவற்றின் காலடியில் தை, மாசியில் பிறந்த குட்டிகள். கூட்டம் மேயும்போது ஒரு பெட்டை மட்டும் பாறைமேல் தலை தூக்கி நிற்கும். உன் கண் அதன் மேலேயே இருக்கட்டும். அதுவும் மேயத் தொடங்கினால் நீ நிற்கிற தூரம் சரி. காதை விறைத்து உன்னையே பார்த்தால் நீ நெருங்கிவிட்டாய், பின்னால் போ. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்கவே கூடாது. சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்து அதுவாகவே வந்தாலும் கொடுக்காதே. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கத் தேறியவை 1,303தான். மூணாறு பக்கம் இரவிகுளத்தில், குட்டி போடும் காலத்துக்காகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். வால்பாறை ரோட்டை அப்படி மூட முடியாது. அங்கே கேட் செய்கிற வேலையை இங்கே போகிறவர்கள்தான் செய்யவேண்டும்.

அடுத்தது இருவாட்சி. முட்டையிடும் காலத்தில் பெட்டை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு பிளவு மட்டும் மிச்சம். உள்ளே இறகுகளும் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. சித்திரைவாக்கில் உள்ளே குஞ்சும் இருக்கும். இருவருக்கும் சோறு போடுவது ஆண் ஒன்றுதான். அத்திப் பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து பிளவு வழியே கொடுக்கும். கண் சிவப்பாக இருக்கிறதா என்று பார். பெரிய இருவாட்சியில் ஆணுக்குத்தான் சிவப்பு. மரத்தடியில் ஆட்கள் கூட்டமாக நின்றால் அது பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்துவிடும். நீங்கள் செல்ஃபி எடுத்து முடிக்கிற வரை உள்ளே இரண்டு ஜீவன் பட்டினி. ஆகவே பொந்து இருக்கும் மரத்தை யாராவது காட்டினால் எட்ட ஒதுங்கி நின்று பார்; இடத்தை இன்ஸ்டாகிராமில் போடாதே. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்று எவளாவது சொன்னால், வேண்டாம் என்று சொல்கிறவள் நீயாக இரு. இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று வேலையை விட்டுவிட்டு அலையும்.

சிங்கவால் குரங்குக்குக் காடு ஏறவேண்டியதில்லை. வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் ரோட்டைக் கடக்கும். வண்டியில் அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு தாய் அதில் போவதைப் பார்க்கலாம். தீனி கொடுத்தால் மறுபடி ரோட்டுக்குத்தான் இறங்கும். யானை நடமாட்டம் இருந்தால் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் எச்சரிக்கைக்குச் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அதற்கு மேல் ஓர் அடி வேண்டாம். குட்டி வைத்திருக்கிற யானையிடம் யாருடைய தைரியமும் செல்லாது.

உங்கள் கூட்டத்தில் ஒருத்தி, யாருக்கும் தெரியாமல் மேலே புல்வெளிக்கு ஒரு எட்டு போய்வரலாம் என்பாள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அவளுக்குச் சொல். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவேறும் வேகத்துக்கு மனுஷக் கால் ஈடுகொடுக்காது. வனத்துறை அனுமதியும் கூட ஒரு வனக்காவலரும் இல்லாமல் காலை வைக்காதே.

இத்தனையையும் அங்கே போய்ப் பழக முடியாது, இங்கேயே பழகு. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் கண்மூடும்வரை காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் நம் மயிலாப்பூர்க்காரர். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். உனக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா போதும். இப்போது அங்கே கன்னான் குருவி ‘டொக் டொக்’ என்று விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. பச்சை உடம்பு, நெற்றியில் சிவப்பு, மஞ்சள் கழுத்து. பட்டுப்போன கிளையின் அடிப்பக்கம் வட்டமாக ஒரு பொந்து. நீ கிட்டே நின்றால், வாயில் பழத்தோடு வந்த குருவி பக்கத்துக் கிளையில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. மூன்று தப்படி பின்னால் வா, உள்ளே போய்விடும். இருவாட்சிக்கும் வரையாட்டுக்கும் அந்தத் தப்படிகள் இன்னும் கூடுதல், அவ்வளவுதான்.

என் பைனாகுலர் பீரோவில் சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பூங்கா வாசலுக்கு வந்துவிடு. கொண்டுவந்து கையில் கொடுக்கிறேன். குருவியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். பெரியம்மா அடைக்கு ஊறப்போடுவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா