செவிப்புலனற்ற சிறாரும் நூற்பயிற்சியும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களையடுத்துக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தனர். செவிவழி அறிவு பெறவியலாத சிறாருக்கு யாது வழி? அன்னோர் அறிவு குன்றியவரென உலகம் நெடுங்காலம் எண்ணிற்று. அவ்வெண்ணம் பிழையென்பதை ஒருவர் வரலாற்றாற் காட்டுவாம்.

பிரான்சு தேசத்தில் 1785-ஆம் ஆண்டிற் பிறந்த லோரான் கிளேர் குழந்தைப் பருவமுதலே செவிப்புலனற்றவர். 12-ஆம் வயதிற் பாரிசு நகரப் பள்ளியிற் சேர்ந்தார். அவருக்குப் பாடஞ் சொன்ன மாசியே என்பாரும் செவிப்புலனற்றவரே. கைகளாற் பேசும் சைகைமொழியின்வழிப் பொருளுணர்ந்து, கிளேர் பிரெஞ்சு மொழியை எழுதவும் படிக்கவுங் கற்றார். 1816-இல் காலோடெட் என்னும் பெரியாருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 52 நாள் நீடித்த அப்பயணத்தில் ஒருவர் ஆங்கிலங் கற்பிக்க, மற்றவர் சைகைமொழி கற்பித்தார். கிளேர் கப்பலிலேயே ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதினார். 1817-இல் இருவரும் முன்னின்று ஹார்ட்போர்டு நகரிற் பள்ளி தொடங்கினர்.

இதனால் நாம் அறிவது யாது? முதலில் ஒரு மொழி உள்ளத்திற் குடிபுகவேண்டும். அதன் பின்னரே ஏடு பொருள் தரும். 1880-இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு இதனை மறந்து, வாய்ப்பேச்சே மேலெனத் தீர்மானித்தது. பல தேசங்களிற் சைகைமொழி வகுப்பறையினின்றும் விலக்கப்பட்டது. உதட்டசைவை நோக்குவதிலேயே சிறார் பல்லாண்டுகளைக் கழித்தனர். 2010-இல் வான்கூவரிற் கூடிய மாநாடு அத்தீர்மானங்களை மறுத்து வருத்தந் தெரிவித்தது.

தமிழ்நாட்டில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் இத்தகைய சிறாருக்குப் பள்ளி நிறுவினார். ஆயினும் பள்ளிக்கு முற்பட்டது வீடு. ‘மரம்’ என்பது ‘மரத்தை’, ‘மரத்தில்’ எனத் திரிவதைக் கேட்கும் குழந்தை தாய்மடியிலேயே அறியும். கேளாத குழந்தைக்கு அவை மூன்று வேறு சொற்களாகத் தோன்றக்கூடும். ஆகலின் எழுத்துக்கூட்டக் கற்பித்தல் மட்டும் போதாது. குருவி மரத்தில் இருப்பதை முதலிற் சைகையாற் சொல்லுக, படத்தைக் காட்டுக, பின்னரே அச்சொல்லைச் சுட்டுக. கையும் முகமும் ஏடும் அதன் கண்ணிற்படும்படி எதிரே அமர்க. அது ஏட்டை நோக்குங்கால் சைகை செய்யாது, பார்வை மீளும்வரை பொறுத்திருக்க. விரும்பிய கதையைப் பன்முறை சொல்லுக. பிழைதிருத்தம் பின்னர் ஆகுக.

மாணவ நண்பர்களே, அத்தகைய குழந்தை நும் தெருவில் இருப்பின், விடுமுறையிற் சில சைகைகளைக் கற்று ஒரு கதையேனுஞ் சொல்லுங்கள். வள்ளுவர் எழுத்தைக் கண்ணென்றார். அக்குழந்தைக்கோ அது செவியுமாகும்.