உறைந்துபோகும் ஏ.சி.

கேள்வி: ஸ்பிளிட் ஏ.சி. முன்னிரவில் நன்றாகக் குளிர்கிறது. விடிவதற்குள் காற்று நின்றுவிடுகிறது, உள்ளே பனிக்கட்டி. கேஸ் ஏற்ற வேண்டுமா? (வாசகர், தேவதானப்பட்டி)

பதில்: எடுத்த எடுப்பில் கேஸ் ஏற்றுவது வீண் செலவாக முடியலாம். அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உட்புறக் குழாய்த்தொகுதியான கூலிங் காயில், சரியாக இயங்கும்போது உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே இருப்பதால், அதில் படியும் ஈரம் நீராக வடிந்துவிடுகிறது. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தால், காயிலுக்கு வந்துசேரும் வெப்பமும் குறைந்து, அந்த ஈரமே பனியாக உறைந்து, எஞ்சிய காற்றுவழியையும் மூடிவிடுகிறது. கேஸ் கசிந்து அழுத்தம் குறையும்போதும் இதே விளைவு நேரும். கொடைக்கானல் மலையடிவாரத்திலுள்ள தேவதானப்பட்டியின் மார்கழி இரவில் 16 டிகிரியில் ஓட்டுவதும் உறைவதற்கு இடம்கொடுக்கும்.

பனியைக் கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகும். ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால் அது தானாகவே உருகிவிடும். பிறகு ஃபில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டி, 24 டிகிரியில் இயக்கிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் உறைந்தால், குறிப்பாகக் குழாய் இணைப்பு நட்டுகளில் எண்ணெய்க் கறை தென்பட்டால், கசிவையே ஐயுற வேண்டும். கசியும் இடத்தை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போகும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. ஏற்றியது அதே வழியில் மீண்டும் வெளியேறிவிடும். கசிவை அடைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி (வாக்குவம் செய்து), எடைபோட்டே கேஸ் ஏற்றும்படி வீட்டார் மெக்கானிக்கிடம் வற்புறுத்த வேண்டும்.