பள்ளிக்கூடத்துக்கு ஏஐ வந்தாச்சு... அம்மாக்கள் என்ன செய்யணும்? அக்கா சொல்ற டிப்ஸ்!

தமிழக அரசு 2025-26 கல்வியாண்டுல ‘டிஎன் ஸ்பார்க்’னு ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கு. ஹைடெக் லேப் இருக்கிற அரசுப் பள்ளிகள்ல 6-ம் வகுப்புலேருந்து 9-ம் வகுப்பு வரைக்கும் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ், ஆன்லைன் கருவிகள் எல்லாம் பாடம். சிபிஎஸ்இ-யில 2019-லேயே 9-ம் வகுப்புக்கு ஏஐ விருப்பப் பாடமா வந்துடுச்சு. 2026-27-லேருந்து 3-ம் வகுப்புலேயே ஆரம்பிக்கப் போறதா மத்திய கல்வி அமைச்சகம் சொல்லியிருக்கு.

கீழ்பென்னாத்தூர் தங்கச்சிங்களா, “நமக்கென்ன தெரியும், டீச்சர் பார்த்துக்குவாங்க”ன்னு ஒதுங்கிடாதீங்க. அந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரிய வேண்டியதில்ல. நம்ம பிள்ளை விஷயத்துல எதைக் கேட்கணும், எங்க கேட்கணும்னு தெரிஞ்சா போதும். முதல்ல வீட்டுல செய்ய வேண்டியது, அப்புறம் பள்ளிக்கூடத்துல செய்ய வேண்டியது.

1. வயசைப் பாருங்க

சாட்ஜிபிடி கம்பெனியோட விதிப்படியே 13 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க அதைப் பயன்படுத்தக் கூடாது. 13-லேருந்து 18 வரைக்கும் பெத்தவங்க அனுமதி வேணும். யுனெஸ்கோ 2023-ல வெளியிட்ட வழிகாட்டியும் வகுப்பறையில இந்த மாதிரி ஏஐ-யைப் பயன்படுத்தக் குறைஞ்சபட்ச வயசு 13-னுதான் சொல்லுது. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைன்னா கையில குடுக்காதீங்க, பக்கத்துல உட்கார வெச்சு உங்க போன்ல நீங்களே கேட்டுக் காட்டுங்க. அந்தப் போன்லதான் ஜிபேயும் ஓடிபியும் இருக்குங்கிறதை மறந்துடாதீங்க.

2. போட்டோ அனுப்புறதுக்கு முன்னாடி லேபிளை மறைங்க

கணக்கு புரியலைன்னா பிள்ளைங்க நோட்டை அப்படியே போட்டோ எடுத்து ஏஐ-க்கு அனுப்பிடுறாங்க. அட்டையில ஒட்டியிருக்கிற லேபிள்ல பேர், வகுப்பு, பள்ளி எல்லாம் இருக்கு. கழுத்துல தொங்குற ஐடி கார்டுல உங்க போன் நம்பரும் இருக்கும். கணக்கு இருக்கிற பக்கத்தை மட்டும் எடுக்கப் பழக்குங்க. யூனிஃபார்ம் போட்ட படம், எமிஸ் எண், ஆதார், மார்க் ஷீட் எதுவும் உள்ளே போகக் கூடாது. சாட்ஜிபிடி செட்டிங்ஸ்ல ‘டேட்டா கன்ட்ரோல்ஸ்’னு ஒண்ணு இருக்கு. நம்ம பேச்சை வெச்சு அது பயிற்சி எடுத்துக்கிறதை அதுல போய் நிறுத்திடலாம்.

3. தெரிஞ்ச விஷயத்தைக் கேட்டு சோதிங்க

அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் எத்தனை நிலை, எத்தனை அடின்னு ஏஐ-கிட்ட பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்க. 11 நிலை, 217 அடி. அனேகமா சரியாச் சொல்லிடும். அடுத்து, உங்க தெரு அம்மன் கோயிலை யார் கட்டினது, உங்க ஊர் ஏரியை யார் வெட்டினதுன்னு கேட்கச் சொல்லுங்க. ராஜா பேரு, நூற்றாண்டு எல்லாம் போட்டு சரளமா எழுதித் தள்ளினாலும் ஆச்சரியப்படாதீங்க. அதை எடுத்துட்டுப் போய் ஆயாகிட்ட படிச்சுக் காட்டச் சொல்லுங்க. மல்லாட்டையில பொக்கு மாதிரிதான் இதுவும். மேல பார்த்தா நல்ல காய்தான், உரிச்சாதான் உள்ளே ஒண்ணுமில்லைன்னு தெரியும். பாடப் புத்தகத்தையோ டீச்சரையோ கேட்டு உரிச்சுப் பார்க்கிற பழக்கம் வந்துட்டா பாதி கவலை தீர்ந்துச்சு.

4. முதல்ல பென்சில், அப்புறம்தான் ஏஐ

கட்டுரையோ கணக்கோ, பிள்ளை முதல்ல தானா எழுதட்டும். அதுக்கப்புறம் “எங்க தப்பு பண்ணியிருக்கேன்?”னு கேட்கட்டும். “எழுதிக் குடு”ன்னு கேட்கிறதுக்கு வீட்டுல தடை போடுங்க. பாடம் புரியலைன்னா பள்ளிக் கல்வித் துறையோட ‘மணற்கேணி’ ஆப்ல வீடியோ இருக்கு. 2023-லேருந்து இலவசமா கிடைக்குது.

5. கையெழுத்துக்கு முன்னாடி ‘எதுக்கு?’ன்னு கேளுங்க

2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தைங்கதான். அவங்க தகவலை எடுக்கப் பெத்தவங்க சம்மதம் வேணும். அதை வெச்சு அவங்களைக் குறிவைச்சு விளம்பரம் காட்டக் கூடாது. இதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு. ஆனா முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. அதோட, படிப்புக்கும் பாதுகாப்புக்கும் தேவையான கண்காணிப்புக்குப் பள்ளிகளுக்கு விலக்கும் உண்டு. அதனால பள்ளியில சம்மதப் படிவம் நீட்டினா, என்ன தகவல், எதுக்கு, எத்தனை நாளைக்குங்கிறதை எழுத்துல வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க.

முகம், குரல்னு வந்தா இன்னும் கவனம். 2018-லேயே சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற முறையைச் சோதனையா ஆரம்பிச்சாங்க. ஐரோப்பாவுல பிள்ளைங்க முகத்தை வெச்சு மனநிலையைக் கணிக்கிற ஏஐ-யைப் பள்ளிகள்ல 2025 பிப்ரவரியிலேருந்து தடையே பண்ணிட்டாங்க. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், முகத்தை மாத்த முடியாது.

6. போலிப் படம் வந்தா அழிக்காதீங்க

யாராவது பிள்ளை முகத்தை வெச்சு தப்பான படம் செஞ்சுட்டா, முதல்ல பிள்ளையைத் திட்டாதீங்க. அனுப்பின நம்பர், தேதி, லிங்க் எல்லாத்தையும் குறிச்சு வைங்க. அந்தப் படத்தை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறை உதவி எண். மூணையும் இப்பவே போன்ல ஏத்திக்கோங்க.

7. ஆறு கேள்வியோட கூட்டத்துக்குப் போங்க

இதுதான் முக்கியமான டிப்ஸ். அரசுப் பள்ளி ஒவ்வொண்ணுலயும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, பாதிப் பேர் பெண்கள். டீ குடிச்சுட்டு கையெழுத்துப் போட்டுட்டு வர்ற கூட்டமில்ல அது.

தமிழ்நாடு 2020-லேயே ‘பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’ வெளியிட்டிருக்கு. அரசு ஒரு ஏஐ-யை மக்கள்கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி ஆறு விஷயத்தைச் சோதிக்கணும்னு அது சொல்லுது. அதையே நம்ம பாஷையில கேளுங்க:

* வெளிப்படைத்தன்மை: எந்த ஆப், எந்தக் கம்பெனி, எந்த வகுப்புக்கு?
* பொறுப்பு: தப்பு நடந்தா யார்கிட்ட புகார் குடுக்கணும்?
* தவறான பயன்பாடு: லேப்ல வேண்டாத படம், பேச்சு வராம இருக்க என்ன தடுப்பு?
* டிஜிட்டல் இடைவெளி: வீட்டுல போன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அந்த வேலையை லேப்லயே முடிக்க நேரம் ஒதுக்குவீங்களா?
* அறம்: மார்க்கையும் நடத்தையையும் முடிவு பண்றது டீச்சரா, மெஷினா?
* நியாயம்: தமிழ் மீடியம் பிள்ளைக்கும், நம்ம ஊர்ப் பேச்சுக்கும் அது ஒழுங்கா பதில் சொல்லுதா?

சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருக்கிறவங்க இதையே கிராம சபையிலயும் கேட்கலாம். தனியார் பள்ளின்னா பெற்றோர் கூட்டத்துல கேளுங்க.

எல்லாத்துக்கும் அன்னைக்கே பதில் கிடைக்காது. தலைமையாசிரியருக்கே சிலது புதுசா இருக்கலாம், மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னு சொல்லட்டும். கேள்வி தீர்மான நோட்டுல ஏறிடுச்சான்னு மட்டும் பார்த்துட்டு எழுந்திரிங்க. வாயில கேட்டது காத்தோட போயிடும். நோட்டுல ஏறினதுக்கு அடுத்த கூட்டத்துல பதில் சொல்லியே ஆகணும்.