கடைக்கு எத்தனை தராசு வேண்டும்?

புதிதாய்க் கடை திறப்பவர்கள் என்னென்ன சாமான் வாங்கிப் போடவேண்டும் என்று கேட்பதுண்டு. எத்தனை போதும் என்று கேட்பவர் சிலரே. தராசை வைத்து இதைப் பார்ப்போம். மளிகைக் கடைக்கு அதுதானே தலையான கருவி.

தராசின் தகட்டைப் படித்துப் பாருங்கள். 'மேக்ஸ்' என்பது அது தாங்கும் எடை. 'ஈ' என்பது ஒரு பிரிவுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 'மின்' என்பது அதற்குக் கீழே நிறுக்கலாகாது என்ற எல்லை. கடைகளில் வழங்கும் தராசில் இந்த எல்லை ஒரு பிரிவைப்போல் 20 மடங்கு. ஆகவே 30 கிலோ தாங்கி, 10 கிராம் பிரிவாகக் காட்டும் தராசில் 200 கிராமுக்குக் குறைந்ததை நிறுக்கக்கூடாது. காரணம் என்ன? அதில் சரக்கு 5 கிராம் வரை முன்னே பின்னே இருந்தாலும் எண் மாறாது. 10 கிலோ அரிசியில் 5 கிராம் ஒரு பொருட்டல்ல. 50 கிராம் ஏலக்காயிலோ அது பத்தில் ஒரு பங்கு! ஏலக்காய் விற்கிற விலையில், குறைந்தால் வாங்குபவர் வயிறு எரியும். கூடினால் நம் கல்லா இளைக்கும்.

எனவே 3 கிலோ தாங்கி, 1 கிராம் பிரிவுள்ள சின்னத் தராசு ஒன்றும் அவசியம். 20 கிராம் வரை அதில் நிறுக்கலாம். 200 கிராம் முதல் 3 கிலோ வரை இரண்டுமே நிறுக்குமாகையால், ஒன்று பழுதானாலும் பெரும்பாலான வியாபாரம் நிற்காது. மூன்றாவது? ஒரே நேரத்தில் நிறுக்க இன்னோர் ஆள் இருந்தால் வாங்குங்கள்.

சும்மா கிடக்கட்டும் என்று வாங்குவதுதான் நஷ்டம். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசை ஆண்டுதோறும் சோதனைக்குக் காட்டி முத்திரை பெறவேண்டும். மூலையில் கிடப்பதற்கு முத்திரை வாங்கினால் வீண் செலவு. வாங்காவிட்டால் அவசரத்துக்கு உதவாது. விற்பனைச் சரக்குக்கு ஜகாத் உண்டு, தொழில் கருவிக்கு இல்லை என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அதற்காகக் கருவிகளை வாங்கி அடுக்குவதில் லாபம் ஏது? சரக்கு விற்றால் முதல் திரும்பும்.

நோன்புக் காலத்தில் வாசலில் போடும் கூடாரமும் மடக்கு மேசையும் வாடகைக்கே கிடைக்கும். பூசணிக்காயும் கருவாடும் நறுக்கும் கத்தி மட்டும் இரண்டு இருக்கட்டும். ஒன்று சாணைக்குப் போகும் நாளில் மற்றது வேண்டும்.