பேர் பொருந்தினால் போதுமா?

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ரிச்சர்ட் வாரன் அவருடைய தாய்வழி முன்னோராம். வாரன் பிரபு குலத்தவர், மனைவி எலிசபெத் ஜூவட் என்று இணையத்தில் ஒரு வம்சாவளி கிடைத்தது. பேத்தியின் பள்ளி ப்ராஜெக்டில் இதை அப்படியே எழுதலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கப்பலில் போனது வரை எழுதலாம். பிரபு குலத்தையும் ஜூவட்டையும் அடித்துவிடுங்கள்.

வாரனின் பூர்வீகம் பற்றி அந்தக் காலத்து நூல் சொல்வது, அவர் லண்டன்காரர் என்பதை மட்டும்தான். 1628-இல் இறந்துபோனார். வாரன் என்ற குடும்பப் பேரில் இங்கிலாந்தில் பெரிய குடும்பங்கள் இருந்தன, ரிச்சர்ட்களுக்கும் பஞ்சமில்லை. பின்னால் வந்தவர்கள் இவரை அவர்களோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஆண் வழியில் தடம் கிடைக்காதபோது மனைவி, பிள்ளைகள் வழியாகத் தேட வேண்டும். எலிசபெத் 1623-இல் ‘ஆன்’ கப்பலில் ஐந்து பெண் பிள்ளைகளோடு அமெரிக்காவின் பிளிமத் போய்ச் சேர்ந்தார்: மேரி, ஆன், சாரா, எலிசபெத், அபிகெயில். லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் கிரேட் ஆம்வெல் என்றொரு ஊர். அங்கே 1610 ஏப்ரல் 14 அன்று ரிச்சர்ட் வாரனுக்கும் எலிசபெத் வாக்கருக்கும் கல்யாணம் நடந்ததாகச் சர்ச் பதிவேட்டில் இருக்கிறது. இதோடு நின்றிருந்தால் இதுவும் வெறும் பேர்ப் பொருத்தம்தான். ஆனால் 1613 ஏப்ரலில் அகஸ்டின் வாக்கர் என்பவர் எழுதிய உயிலில் மகள் எலிசபெத் வாரனும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் வருகிறார்கள்: மேரி, ஆன், சாரா. பிளிமத் போன மூத்த மூவரின் அதே பேர்கள், அதே வரிசை. (கல்யாணமாகி மூன்று வருடத்தில் மூன்று பிள்ளைகள், அந்தக் காலம் அப்படி.) எட்வர்ட் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதை 2003-இல் வெளியிட்டார். ஜூவட் கதை அதோடு முடிந்தது. வாரனைப் பெற்றவர்கள் யார் என்பதற்கு மட்டும் இன்னும் ஆதாரம் அகப்படவில்லை.

மருமகன் வீட்டார் சொல்வதில் உண்மை இருக்கலாம். வாரனின் ஏழு பிள்ளைகளும் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள்; சந்ததி ஏராளம். ஆனால் வாரனிடமிருந்து கீழே இறங்காமல், சம்பந்தியம்மாவிடமிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புக்குச் சான்று வேண்டும். மேலேயுள்ள ஐந்து தலைமுறைகளை மேஃபிளவர் வம்சத்தார் சங்கம் ஆராய்ந்து நூல்களாகவே போட்டிருக்கிறது. அதுவரை ஏறினால் போதும். ப்ராஜெக்டில் வாரனின் அப்பா பேர் கேட்கும் கட்டத்தைப் பேத்தி காலியாகவே விடட்டும்.